வெடிச் சத்தமும் வதந்தியும்

(மஹல்லா குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் வாழும் நமக்கு வெடி விபத்து புதிதல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இறந்தவர்கள் 20 பேருக்கும் மேல். ஒவ்வொரு முறையும் புகை அடங்கும் முன்பே வதந்தி கிளம்பிவிடுகிறது.

ஒரு முறை நம் சகோதரி ஒருவருக்கு, கணவர் வேலை செய்யும் ஆலை வெடித்து அவர் மவுத்தாகிவிட்டார் என்று போன் வந்தது. பிள்ளைகள் "அத்தா, அத்தா" என்று கதறினார்கள். மாலையில் அவர் சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தார், அல்ஹம்துலில்லாஹ். விபத்து நடந்தது வேறு ஆலையில். அந்தப் பொய்ச் செய்தியை நாங்களும் விசாரிக்காமல் இரண்டு பேரிடம் சொன்னோம். வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம்.

நல்ல மனிதர்களும் ஏன் இப்படிச் செய்கிறோம்? நம் நாட்டு உளவியல் பேராசிரியர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் பூகம்பம் வந்தது. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியல் அறிஞர் சேகரித்து, 1935-ல் கட்டுரையாக வெளியிட்டார். கங்கையில் தண்ணீர் மறைந்துவிட்டது, சூறாவளி வரப்போகிறது, கிரகண நாளில் மறுபடியும் பூமி அதிரும் என்றெல்லாம் மக்கள் பேசிக்கொண்டார்களாம். அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவைக் கண்ணால் பார்க்காதவர்களிடம் இத்தகைய பேச்சு இருந்தது.

1950-ல் டார்ஜிலிங்கில் நிலச்சரிவு ஏற்பட்டது. பின்னாளில் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கிய துர்கானந்த் சின்ஹா அங்கே ஆராய்ந்தார். அழிவை நேரில் பார்த்த அந்த மக்களிடம், இன்னும் பெரிய ஆபத்து வரும் என்ற வதந்தி இல்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் வைத்து அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் ஒரு விளக்கம் தந்தார்: நெஞ்சில் பயம் இருக்கிறது, கண்முன் காரணம் இல்லை, அந்தப் பயத்துக்குப் பொருத்தமான காரணத்தை மனம் தேடிக்கொள்கிறது.

நம் தெருக்களின் நிலையும் இதுதான். சத்தம் கேட்கிறது, ஆலை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே பயந்தவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களுக்குத் தேவை சரியான செய்தியும் பக்கத்தில் ஓர் ஆளும். செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுத் தந்த பாடமும்கூட.

எனவே மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆலைக்குப் போகும் ஒவ்வொருவரும் ஆலையின் பெயரையும் ஃபோர்மேனின் போன் நம்பரையும் வீட்டில் எழுதி வையுங்கள். விபத்து என்று கேள்விப்பட்டால், பள்ளிவாசலில் பொறுப்பேற்கும் இரண்டு பேர் ஆஸ்பத்திரியிலும் காவல் நிலையத்திலும் விசாரித்துச் சொல்லும்வரை, யாருடைய பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதுவரை அந்த வீட்டுப் பெண்களைத் தனியே விடாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் உளவியல் படிக்க ஆசைப்பட்டால், "பைத்தியக்கார டாக்டர் படிப்பா?" என்று மடக்காதீர்கள். மாணவர்கள் கேள்வித்தாளோடு வீட்டு வாசலுக்கு வந்தால், உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். நம் ஊரின் பயத்தையும் துக்கத்தையும் நம் பிள்ளைகளே ஆராய்ந்து எழுதும் நாள் வரட்டும், இன்ஷா அல்லாஹ்.