தலைக்கவசத்துக்குள் ஒரு தாத்தா



வெற்றிக்குப் பெரிதும் துணை நிற்பது குடும்பமே என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "களத்தில் இறங்கிட்டா தனி ஆளுதாங்க. அங்க அப்பா வருவாரா, தாத்தா வருவாரா?" என்றார். நடுவர் அவர்களே, ஒருத்தருக்குத் தாத்தா வந்தார்!

ஸ்கெலிட்டன் என்று ஒரு பனிச்சறுக்குப் பந்தயம். எலும்புக்கூடுன்னு பயந்துடாதீங்க. கொஞ்சம் தவறினா அப்படி ஆக வாய்ப்பு உண்டு! (சிரிப்பு) ஒரு சின்னச் சறுக்கு வண்டி. அதில் குப்புறப் படுத்து, தலை முன்னால் போக, பனிக்கட்டிப் பாதையில் இறங்கணும். வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேலே. பிரேக் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. தோளையும் முழங்காலையும் அழுத்தித்தான் திருப்பணும்.

அமெரிக்காவின் ஜிம் ஷே இந்தப் பந்தயக்காரர். 1999-ல் உலகச் சாம்பியன். இவருடைய தாத்தா ஜாக் ஷே, 1932-ல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஓட்டத்தில் இரண்டு தங்கம் வாங்கியவர். அப்பா 1964 ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். மூன்று தலைமுறை ஒலிம்பிக் குடும்பம்!

1948-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லாமல் போன ஸ்கெலிட்டன், 2002-ல் சால்ட் லேக் சிட்டியில் திரும்ப வந்தது. பேரன் ஓடுவதைப் பார்க்கத் தாத்தா காத்திருந்தார். வயசு 91. தொடங்க 17 நாள் இருக்கும்போது, கார் விபத்தில் காயம்பட்டிருந்தவர் இறந்துபோனார்.

பேரன் என்ன செய்தார் தெரியுமா? தாத்தாவின் படத்தைத் தலைக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டு படுத்தார். தங்கம் வாங்கினார்! இரண்டாவது வந்தவரோடு வித்தியாசம், ஒரு வினாடியில் நூறில் ஐந்து பங்கு. ஜெயிச்சதும் கவசத்தைக் கழற்றி, அந்தப் படத்தை எடுத்து ஊருக்கே காட்டினார்.

"படம் வண்டியைத் தள்ளுமா?" என்று எதிரணி கேட்கும். தள்ளாதுங்க. உழைப்பு அவருடையது, ஒத்துக்கறேன். ஆனா 'நமக்காக ஒருத்தர் இருந்தார்' என்கிற தெம்பு எங்கேயிருந்து வந்தது? வீட்டிலிருந்துதானே?

அந்தத் தெம்பைக் கொடுக்காத வீடும் உண்டு. அதுக்கு நானே சாட்சி. என் மகள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கடைசியா வந்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, "முதல்ல வந்தது யாரு?" அவள் அழவில்லை. அடுத்த வருஷம் பேரே கொடுக்கவில்லை. அவள் காலில் குறை இல்லைங்க. என் வாயில்தான் குறை.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்காக நாம் ஓட முடியாது. அவர்கள் ஓடும்போது நினைத்துக்கொள்கிற முகமாக இருக்க முடியும். எனவே, வெற்றிக்குப் பெரிதும் துணை நிற்பது குடும்பமே, குடும்பமே என்று கூறி அமர்கிறேன்.