இரும்புப் பெட்டியும் ஏழை ஓட்டுநரும்



எண்ணூர் நெடுஞ்சாலையிலே வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை, இராயபுரத்தாரும் திருவொற்றியூராரும் அறியாதவர்களல்லர். சென்னைத் துறைமுகத்திலே 1983-ல் கன்டெய்னர் முனையம் எழுந்தது. அந்நாள்தொட்டு, மூடி முத்திரையிட்ட இரும்புப் பெட்டியே வாணிபம் என்றாகிவிட்டது. மூட்டை சுமந்த காலத்திலே, சுமந்த தோளுக்குச் சரக்கு இன்னதென்று தெரியும். இன்றோ, பெட்டியை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கே உள்ளிருப்பது தெரியாது!

அந்தப் பெட்டிக்குள்ளே நஞ்சும் வருகிறது. 2021 ஏப்ரலில், பனாமாவிலிருந்து ஆண்ட்வெர்ப், கொழும்பு வழியாகத் தூத்துக்குடிக்கு வந்த மரக்கட்டைகளுக்கிடையே 303 கிலோ கோகெயின் பிடிபட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்திலே பவுடர்க் கல் என்ற பெயரால் வந்த ஹெராயினோ ஏறத்தாழ 3,000 கிலோ!

"அதற்குத்தான் எக்ஸ்ரே கருவி இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, வரவேற்கிறோம். பெட்டியைப் பிரிக்காமலே ஊடுருவிப் படம் எடுத்துத் தருகிறது. இருவகை ஆற்றலுள்ள கதிர்களைப் பாய்ச்சி, இது உலோகம், இது கரிமப் பொருள் என்று வண்ணம் பிரித்தும் காட்டுகிறது. ஆனால் ஹெராயினும் கரிமப் பொருள். கோதுமை மாவும் கரிமப் பொருள். இரும்புக்கு நடுவே பொட்டலம் இருந்தால் பளிச்சென்று தெரியும். மாவுக்குள்ளே மாவாகக் கலந்திருந்தால்? 2022 ஏப்ரலில் பிபாவாவ் துறைமுகத்திலே, ஈரானிலிருந்து வந்த நூலையே ஹெராயின் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, சிப்பமாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். படத்திலே நூல் நூலாகத்தானே தெரியும்! இரசாயனச் சோதனைதான் காட்டிக் கொடுத்தது. ஆகவே கருவியோடு, படத்தைப் படிக்கப் பழகிய கண்ணும், மோப்ப நாயும், ஆய்வுக்கூடமும் வேண்டும்.

எல்லாப் பெட்டியையும் சோதிப்பதுமில்லை. எதைச் சோதிப்பது, எதை விடுவது என்பதை 2005 முதல் சுங்க இலாகாவின் கம்ப்யூட்டர் ஏற்பாடு பிரித்துச் சொல்கிறது. தூத்துக்குடியிலோ முன்கூட்டிக் கிடைத்த துப்புதான் வழிகாட்டியது.

இவ்வளவும் சொல்வது எதற்காக? 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கோகெயின் 100 கிராமைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. கடுமை வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் 35-ம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் குற்றமனம் இருந்ததென்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது. இல்லையென்பதை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிப்பது அவன் பொறுப்பு! பெட்டியைத் திறக்க உரிமையற்ற ஓட்டுநர், உள்ளிருந்ததை அறியேன் என்று எதைக் காட்டி மெய்ப்பிப்பார்? சரக்குக்கு உரியவனோ எங்கோ ஒரு மாடியிலே இருப்பான்.

கருவி எடுத்த படம் அவருக்கும் சாட்சியாகட்டும். பெட்டியை ஒப்படைக்கும்போதே முத்திரை எண், நேரம், இடம் குறித்த சீட்டு அவர் கையிலே தரப்பட வேண்டும். துறைமுக வாயிலிலே எடுக்கும் படம் வழக்கு முடியும்வரை அழியாமல் காக்கப்பட வேண்டும். கேட்கும்போது அவருடைய வழக்கறிஞருக்கு அதன் நகல் கிடைக்க வேண்டும்.