இருபத்தேழு குச்சி

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் பேசுறேன்னா பால்கோவா பத்தித்தான் பேசுவான்னு நினைப்பீங்க. அது 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிடுச்சு, அதுக்கு நான் பேசித்தான் ஆகணும்னு இல்ல. இன்னைக்கு குச்சிக்கறி. சீனாக்காரங்க கரி அடுப்புல சுட்டுத் தர்ற கறி.

2017-ல் நான் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தேன். அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 18 வெள்ளி. எங்க சைட்டில் டைல்ஸ் ஒட்டுற ஒரு சீனாக்காரர் இருந்தார், ஷான்டோங் மாகாணம். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அவர் என்னை 'பிரதர்'னு கூப்பிடுவார், நான் அவரை 'பெங்யோ'னு கூப்பிடுவேன். நண்பன்னு அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி அவர் என்னை கேலாங் பக்கம் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிட்டுப் போனார். நடைபாதை ஓரத்துல பிளாஸ்டிக் ஸ்டூல். வாசலில் சிவப்பு விளக்கில் ஒரே ஒரு எழுத்து: ரெண்டு பெட்டி, அதைக் குத்திக்கிட்டுப் போற ஒரு கோடு. 'சுவான்'னு படிக்கணுமாம். குச்சியில் கோத்ததுன்னு அர்த்தம். படிக்காமலே எனக்குப் புரிஞ்ச சீன எழுத்து அது ஒண்ணுதான்.

நீளமா, ஒடுக்கமா ஒரு தகரத் தொட்டி. அதுல கரி கனியுது. மேல குச்சிகளை வரிசையா அடுக்கி, ஒரு ஆள் விசிறிக்கிட்டே திருப்புறார். கறி, கறி, நடுவுல ஒரு துண்டு கொழுப்பு. கொழுப்பு உருகிக் கரியில சொட்டும்போது புகை மேல வந்து கறியிலேயே ஏறுது. எனக்கு ஒரு பயம், மாட்டுக்கறியா இருக்குமோன்னு. அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிட்டு வந்தவன் நான். தலையில ரெண்டு விரலை வச்சுக் கொம்பு காட்டிக் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, அந்தக் கூட்டத்துல சத்தமா "மே...ஏ..." அப்படின்னார். பக்கத்து மேசையே திரும்பிப் பார்த்துச்சு.

வாயில வச்சதும் ஊர் வாசம். சீரகம்ங்க! வத்தல் தூளும் சீரகமும் உப்பும், அவ்வளவுதான். சீன மொழியில சீரகத்துக்கு 'ட்ஸுரான்'னு பேர். வடமேற்குல இருக்கிற உய்குர் மக்கள்கிட்ட இருந்து போன பேர், அவங்களுக்குப் பாரசீகத்துல இருந்து. நம்ம ஜீரா, சீரகம் எல்லாம் அந்தச் சொந்தக்காரங்கதான். இந்தக் குச்சிக்கறியைச் சீனா முழுக்கத் தெரிய வச்சதும் உய்குர் ஆட்கள்தான்.

நமக்கும் இது புதுசு இல்ல. பொருநராற்றுப்படையில கரிகாலன் வீட்டுல ஒரு பொருநன் சாப்பிடுவான். இரும்புக் கம்பியில கோத்துச் சுட்ட கறி. சூடு பொறுக்காம வாயில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா ஒதுக்கி ஒதுக்கித் தின்பான். பகலும் ராவும் தின்னு, கொல்லையை உழுத கொழு மாதிரி பல் மழுங்கிப் போச்சுன்னு சொல்லுவான். அன்னைக்கு நானும் அப்படித்தான் ஒதுக்கி ஒதுக்கித் தின்னேன்.

ஆனா ஆறாவது குச்சியோட நிறுத்திட்டேன். அங்கே கணக்கு குச்சியை எண்ணித்தான். ஒரு குச்சி ஒன்றரை வெள்ளி. பாதிப் பாதி போடுவோம்னு நான் மனசுக்குள்ள பெருக்கிக்கிட்டே இருந்தேன். அந்த மாசச் சம்பளம் முழுக்க ஊருக்கு அனுப்பியாச்சு. "வயிறு ஃபுல்"னு சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒண்ணும் பேசல. என் பக்கம் கிடந்த வெறும் குச்சிகளை எல்லாம் வாரி அவர் குச்சிகளோட கலந்து வச்சுட்டு, இன்னும் பத்து சொன்னார். மொத்தம் இருபத்தேழு. எனக்கு ரெண்டு நாள் சம்பளத்துக்கு மேல. பர்ஸைத் தொடக்கூட விடல.

2020-ல் ஊருக்கு வந்துட்டேன். இப்ப ராஜபாளையம் போற ரோட்டுல சாயங்காலம் தள்ளுவண்டி. நம்ம பக்கம் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமா? ஆட்டுக்கறி விலை கட்டுப்படி ஆகாம ரெண்டு மாசத்துல கையைச் சுட்டுக்கிட்டேன், அது தனிக் கதை. இப்ப கோழியும் ஈரலும்தான். முதல்ல "என்னடா இது கம்பியில கோத்துக்கிட்டு"ன்னு முகம் சுளிச்ச அம்மாதான் இன்னைக்குச் சீரகம் வறுத்துத் தர்றாங்க. நான் வறுத்தா கருகிடுதாம்.

2023-ல் ஷான்டோங்ல ஸிபோங்கிற ஊரு குச்சிக்கறிக்காகவே சீனா முழுக்கப் பேசப்பட்டுச்சு. மேசைக்கு ஒரு குட்டி அடுப்பு, மெல்லிசு ரொட்டி, வெங்காயத்தாள், கறியை ரொட்டியில வச்சு உருவிச் சுருட்டித் தின்கிறது. சாப்பிடுறதுக்காகவே ரயில் விட்டாங்க. அவர் அங்கே போய் வீடியோ அனுப்பினார். நான் பதிலுக்கு என் வண்டியை எடுத்து அனுப்பினேன்.

மொழிபெயர்ப்பு ஆப்ல பதில் வந்துச்சு: "குச்சி எண்ணுவது யார்?"

அம்மான்னு அனுப்பினேன்.