இருந்தும் கிட்டாத நூல்கள்



என் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஓர் அம்மானை நூலைத் தேடி மூன்றாண்டுகள் அலைந்தேன். பழைய நூலகம் ஒன்றில் பதிவேட்டைப் புரட்டி, 'இல்லை' என்றார்கள். அந்நூலைக் காணாமலே ஆய்வேட்டை ஒப்படைத்தேன். பல்லாண்டு கழித்து, மின்னூலகம் ஒன்றில் ஏதோவொரு கும்மிப் பாட்டைத் திறந்து பக்கங்களைத் தள்ளிக்கொண்டே சென்றபோது, கும்மி முடிந்த இடத்தில் அந்த அம்மானை தொடங்கிற்று! சிறு நூல்கள் நான்கைந்தைச் சேர்த்து ஒரே தொகுதியாகத் தைத்துவைப்பது அந்நாளைய வழக்கம். பட்டியலிட்டவர் முதல் நூலின் பெயரை மட்டும் எழுதிவிட்டார். முதற்பக்கத்தில் அதே நூலகத்தின் முத்திரை இருந்தது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சிட்டனர். ஆதலால் அங்கே எந்தச் சொல்லையும் தேடலாம். பக்கங்களைப் படமாக மட்டும் வைத்துள்ள நூலுக்கோ பட்டியலில் எழுதிய பெயர் ஒன்றே வாயில்.

அப்பெயரில்தான் எத்தனை இடர்ப்பாடு! சீவக சிந்தாமணியைப் பிரித்தெழுதித் தேடுபவரும், சேர்த்தெழுதித் தேடுபவரும், 'ஜீவக' என்று தேடுபவரும் ஒரே நூலை அடையவேண்டும். ஓலைச்சுவடியில் மெய்களுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் தோன்றாது. சுவடியிற் கண்டவாறு எழுதிய பெயரோடு, இக்கால வழக்கிலும் ஒருமுறை எழுதிவைத்தால் தேடுவோர் தடுமாறார்.

ஆண்டும் அவ்வாறே. முகப்பில் 'தாது வருடம்' என்று மட்டும் இருந்தால் அது 1876-ஆ, 1936-ஆ? அச்சுக்கூடத்தின் பெயரையும் எழுத்தின் வடிவையும் கண்டு துணியவேண்டும். துணிய இயலாதபோது இரண்டையும் எழுதி ஐயக்குறி இடுவதே நேர்மை. ஒன்றை மட்டும் எழுதிவிட்டால், அதுவே ஆய்வேடுதோறும் உண்மையாக உலவத் தொடங்கிவிடும். இத்தகைய ஆண்டுகளை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

கவிஞர்களாகிய உங்களுக்கு நூற்பெயர் மறந்தாலும் பாட்டின் தொடக்கம் மறவாது. பழம் பதிப்பாசிரியர்கள் இதை அறிந்தே நூலின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பகராதி சேர்த்தார்கள். அந்த அகராதியையேனும் தேடத்தக்கதாக ஆக்காத மின்னூலகம், அச்சுப் புத்தகத்துக்கும் பின்தங்கியதே.

இவ்வட்டத்தில் பழம்பாடல்களைப் படித்துப் பழகிய கண்கள் பல உள்ளன. மாதம் ஒரு தொகுதியைத் திரையில் கடைசிப் பக்கம்வரை புரட்டி, உள்ளே ஒளிந்துள்ள நூற்பெயர்களையும் முதலடிகளையும் குறித்து அந்தந்த நூலகத்தார்க்கு அனுப்புவோமா? முதல் தொகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.