மொஸாம்பிக்கில் கூலிப்படை வளர்ந்த கதை



எங்கோ ஒரு தேசத்தில் உள்நாட்டு யுத்தம் என்று பத்திரிகையில் படிக்கிறோம். அண்ணன் தம்பிச் சண்டை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். துப்பாக்கி யார் கொடுத்தது, தோட்டாவுக்கு யார் காசு கட்டியது என்று கேட்பதில்லை. இன்று ஒரு தேசத்தின் விஷயத்திலாவது அதைக் கேட்டுப் பார்ப்போம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறது மொஸாம்பிக். போர்த்துக்கல் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து பிரெலிமோ என்ற விடுதலை முன்னணி 1964 முதல் பத்து வருஷம் ஆயுதம் ஏந்திப் போராடியது. 1975 ஜூன் 25-ந் தேதி தேசம் விடுதலை பெற்றது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்த ஸமோரா மாஷெல் முதல் ஜனாதிபதியானார். அப்போது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறியாதவர்கள்.

பக்கத்து தேசம் ரொடீஷியா. அங்கே இயன் ஸ்மித்தின் வெள்ளையர் ஆட்சி. 1976 மார்ச்சில் மொஸாம்பிக் தன் எல்லையை மூடியது. ரொடீஷியச் சரக்கு பெய்ரா துறைமுகத்துக்கு வர முடியாமல் போயிற்று. ரொடீஷிய விடுதலை வீரர்களுக்கும் இடம் கொடுத்தது. ஸ்மித் சர்க்காரின் உளவு ஸ்தாபனம், கென் ஃபிளவர் என்பவரின் தலைமையில், பதிலடிக்கு ஆள் சேர்த்தது. போர்த்துக்கல் பட்டாளத்தில் இருந்தவர்கள், ரகசியப் போலீஸில் வேலை பார்த்தவர்கள், பிரெலிமோவோடு பகைத்துக்கொண்டு ஓடியவர்கள் எல்லோரும் வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், படை உருவாகும் முன்பே அதற்கு ரேடியோ வந்துவிட்டது. 'சுதந்திர ஆப்பிரிக்காவின் குரல்' என்று ரொடீஷியாவிலிருந்து ஒலிபரப்பினார்கள். குரல் முதலில், ஆள் பிறகு! இந்தக் கோஷ்டிதான் ரெனமோ. முதல் தலைவன் மட்சங்கைஸா 1979-ல் சண்டையில் மாண்டான். அடுத்து வந்தவர் அபோன்ஸோ டிலகாமா.

1980-ல் ரொடீஷியா விடுதலை பெற்று ஸிம்பாப்வே ஆயிற்று. எஜமான் போனான், கூலிப்படை என்ன ஆக வேண்டும்? கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. மூட்டை முடிச்சோடு தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே ராணுவ உளவுத்துறை ஏற்றுக்கொண்டு, பலபோர்வாவில் முகாம் போட்டுக் கொடுத்தது.

நிறவெறி சர்க்காருக்கு இவர்களால் என்ன லாபம்? ரயிலைப் பாருங்கள், தோழர்களே. ஸிம்பாப்வே, மலாவி, ஸாம்பியா மூன்றுக்கும் கடற்கரை கிடையாது. மொஸாம்பிக் ரயில் பாதை ஓடினால் அவர்கள் சரக்கு பெய்ராவுக்கும் மபூட்டோவுக்கும் போகும். தண்டவாளம் பெயர்ந்தால் தென்னாப்பிரிக்கத் துறைமுகத்தில்தான் போய் நிற்க வேண்டும். அதன் தயவில்தான் பிழைக்க வேண்டும். ரெனமோ எதைத் தாக்கியது? தண்டவாளத்தை, பாலத்தை, எண்ணெய்க் குழாயை, மின்சாரக் கோபுரத்தை. அத்தோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தையும் கிராம ஆஸ்பத்திரியையும் கொளுத்தியது. சிறுவர்களைப் பிடித்துப்போய்த் துப்பாக்கி தூக்க வைத்தது. பிடிபட்ட குடியானவர்கள் சாமான் சுமந்தார்கள், பட்டினியோடு சுமந்தார்கள்.

இது நம் கூற்று மட்டுமல்ல. அமெரிக்க வெளிநாட்டு இலாகாவே 1988-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. ராபர்ட் கெர்ஸனி என்பவர் அகதிகளைக் கண்டு பேசி எழுதியது. ரெனமோ கொன்ற சாதாரண ஜனங்கள் ஒரு லட்சம் பேர் இருக்கலாம் என்று அதில் கண்டிருந்தது. ரெனமோவுக்கும் உதவ வேண்டும் என்று அமெரிக்க ஸெனட்டில் சிலர் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது.

இடையில் 1984 மார்ச் 16-ல் இன்கோமாட்டி ஒப்பந்தம். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு மொஸாம்பிக் இடம் தராது. ரெனமோவுக்குத் தென்னாப்பிரிக்கா உதவாது. மாஷெல் கசப்போடு கையெழுத்திட்டார், சொன்னபடி செய்தார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் மொஸாம்பிக், ஸிம்பாப்வே படைகள் 'காஸா பனானா' என்ற ரெனமோ தலைமை முகாமைப் பிடித்தபோது டைரிகள் சிக்கின. ஒப்பந்தத்துக்குப் பிறகும் தென்னாப்பிரிக்க உதவி வந்துகொண்டிருந்தது அவற்றில் எழுதியிருந்தது. தென்னாப்பிரிக்க வெளிநாட்டு மந்திரி மழுப்பினார்: 'டெக்னிக்கல்' மீறலாம்! ஊர் எரிந்தது, அவருக்கு அது டெக்னிக்கல். 1986 அக்டோபர் 19-ல் மாஷெல் தென்னாப்பிரிக்க மண்ணில் விமான விபத்தில் இறந்தார்.

இனி நாம் மறைக்கக்கூடாத பக்கம். வெறும் கூலிப்பணத்தால் பதினைந்து வருஷம் ஒரு படை நடக்குமா? நடக்காது. பிரெலிமோ சர்க்கார் குடியானவனைக் கேட்காமலே கூட்டுக் கிராமங்களுக்குப் பெயர்த்தது. ஊர்த் தலைவர்களை ஒரே உத்தரவில் நீக்கியது. 1983-ல் நகரத்தில் வேலையற்றவர்களைப் பிடித்துத் தொலைதூர நியாஸாவுக்கு அனுப்பியது. தீக்குச்சி வெளியிலிருந்து வந்தது. வைக்கோல் உள்ளே காய்ந்து கிடந்தது. சில மாகாணங்களில் குடியானவர்கள் ரெனமோவின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான்.

நிறவெறி ஆட்சி தளர்ந்தது, வறட்சி வந்தது, இரு தரப்பும் ஓய்ந்தன. 1992 அக்டோபர் 4-ல் ரோமாபுரியில் ஜனாதிபதி சிஸ்ஸானோவும் டிலகாமாவும் கையெழுத்திட்டார்கள். அதற்குள் சண்டையிலும் பஞ்சத்திலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டுவிட்டார்கள். 1994 தேர்தலில் 250 ஸ்தானங்களில் பிரெலிமோவுக்கு 129, ரெனமோவுக்கு 112. ஆம் தோழர்களே, 112! கூலிப்படை என்று சொல்லி முடித்துவிட்டால் இந்தக் கணக்கு விளங்காது. 2013-ல் மறுபடி துப்பாக்கி வெடித்தது. 2018-ல் டிலகாமா இறந்தார். 2019-ல் இன்னொரு ஒப்பந்தம்.

தண்டவாள ஓரத்திலும் பாதையிலும் புதைத்த கண்ணிவெடிகளோ ரோமாபுரிக் கையெழுத்துக்குக் கட்டுப்படவில்லை. அவற்றை இரு தரப்பும்தான் புதைத்திருந்தன. தேசத்தில் தெரிந்த கண்ணிவெடிகளையெல்லாம் எடுத்தாயிற்று என்று சர்க்கார் அறிவித்தது 2015 செப்டம்பரில்தான்.