எண்ணுவதும் கேட்பதும்



பொதுச் சுகாதாரம் கற்க வருவோர் இரண்டு ஆய்வு முறைகளைப் பழக வேண்டும். எத்தனை பேர், எங்கே, எப்போது என்று கணக்கெடுப்பது அளவுசார் ஆய்வு. ஏன், எப்படி என்று மக்களிடமே கேட்டறிவது பண்புசார் ஆய்வு. முன்னையதே விஞ்ஞானம், பின்னையது வெறும் கதை என்று எண்ணுவோர் இன்றும் உண்டு.

1854இல் இலண்டனின் சோஹோ பகுதியில் கொலரா பரவியது. வைத்தியர் ஜோன் ஸ்னோ மரணங்களைக் கணக்கெடுத்தார். புரோட் வீதிக் கிணற்றுப் பம்பியைச் சுற்றியே அவை மிகுந்திருந்தன. ஆனால், தொலைவில் ஹம்ஸ்டெட் பக்கத்தில் ஒரு விதவையும் கொலராவால் இறந்திருந்தார். கணக்குக்கு அது பொருந்தவில்லை. ஸ்னோ அவருடைய மகனிடம் விசாரித்தார். பல மாதங்களாக அம்மா அந்த வீதிப் பக்கமே போகவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரின் சுவை பிடித்ததால் வண்டியில் எடுப்பித்துக் குடித்துவந்தார் என்று தெரிந்தது. பொருந்தாத அந்த மரணமே வலுவான சான்றாயிற்று.

ஸ்னோவின் கருத்தை முதலில் ஏற்காத ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியாரும் வீடுவீடாகச் சென்று விசாரித்தார். நோயுற்ற குழந்தையின் துணி கழுவிய நீரைக் கிணற்றருகே இருந்த கழிவுக்குழியில் ஊற்றியதாக ஒரு தாய் சொன்னார். நோய் தொடங்கிய இடம் அப்படித்தான் தெரியவந்தது.

தங்கைமாரே, கணிதம் கடினமென்று கலைப்பிரிவுக்குப் போனவர்களும் இத்துறைக்கு வேண்டியவர்களே. எண்ணத் தெரிந்தவர் கேட்கவும், கேட்கத் தெரிந்தவர் எண்ணவும் பழகினால் உயிர்கள் தப்பும்.