சுருதி இறங்கிய நாயனம்

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் பூங்காவனத் திருவிழாவன்று வெளிவீதியில் மேளக்கச்சேரி தொடங்கினால், நடுச்சாமம் கழிந்தும் சனம் கலையாது. இணுவிலும் அளவெட்டியும் தலைமுறை தலைமுறையாகப் பெரிய மேளக் கலைஞரை வளர்த்த ஊர்கள். ஒலிபெருக்கி வராத காலத்தில், திறந்தவெளியைக் கடந்து கேட்கும் நாயனமே நல்ல நாயனம். அதற்கு வாய்த்த கருவி திமிரி: குறுகிய குழல், நான்கு, ஐந்து கட்டைச் சுருதி, கூர்மையான நாதம்.

இந்த நாதத்தையே மாற்றத் துணிந்தவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). திமிரியிலேயே பெரும்பெயர் பெற்றுவிட்ட வித்துவான் அவர். மாற்றவேண்டிய அவசியம் ஏதும் இருக்கவில்லை. ஆயினும் அக்கருவியில் சுத்த மத்திமத்தைத் துளையை அரைகுறையாக மூடியும் மூச்சை அடக்கியுமே பிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய உயிரான தோடியோ அந்தச் சுரத்தை விட்டு வாழாத இராகம். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, ஆச்சாமரத்தில் நீண்ட குழலைக் கடைந்து கடைந்து பார்த்து, சுத்த மத்திமம் தானாகவே ஒலிக்கும் பாரி நாயனத்தை உருவாக்கிக் கொடுத்தார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கிற்று. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவையும் பிள்ளை மேடையில் ஏற்றினார்.

ஓங்கி ஒலிப்பதையே பெருமையாகக் கொண்ட கலையில் இது சிறிய துணிச்சலன்று. ஆனால் ஒலிவாங்கி அவர் பக்கம் நின்றது. இராமுழுதும் வாசித்தாலும் தீராத அவருடைய தோடி, பக்கத்துக்கு மூன்று நிமிடமே கொண்ட இசைத்தட்டில் ஏறிற்று. கச்சேரி நடந்த ஊருக்குப் போகாதவர்களும் கேட்டார்கள்.

கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கும் பாரி வந்தது. நாயனம் கனிந்தபின் சங்கடம் தவிலுக்குத்தான். முன்னைய முழக்கத்தோடு கொட்டினால் தாழ்ந்த சுருதியின் நெளிவுகள் மூழ்கிவிடும். அடக்கி வாசித்தால் மேளத்தின் களையே போய்விடும். (இரண்டாவது குற்றத்தை யாழ்ப்பாணத்து இரசிகர் எளிதில் மன்னிப்பதில்லை.) இணுவிலில் 1933-இல் பிறந்த தட்சணாமூர்த்தி இந்தச் சங்கடத்தைத் தம் கணக்கினாலே கடந்தார். அவர் தவிலில் விரைவு குறையவில்லை. சொற்கள் மாத்திரம் ஒவ்வொன்றும் தெளிந்து விழுந்தன. தமிழகத்து முன்னணி நாதசுர வித்துவான்கள் அவரைத் தேடி அழைத்தார்கள். 1975-இல் அவர் மறைந்தபோது வயது நாற்பத்திரண்டைத் தாண்டவில்லை.

திமிரிக்கோ மேடையில் இடம் அருகிவிட்டது. தோடிக்கு அது நட்டமில்லை. ஆனால் சுவாமி வெளிவீதி வரும் வேளையில், தெருக்கோடியில் நிற்பவனையும் ஒலிபெருக்கியின் துணையின்றி எட்டிய அந்தக் கூரிய நாதத்துக்கு ஈடாகப் பாரி எதையும் கொண்டுவரவில்லை.